கெடாவின் பால்மரமும் அதன் காட்டு உறவும்

சோழர் கல்வெட்டுகளில் கடாரம் எனப் பெயர் பெற்ற நாடு இன்றைய கெடா மாநிலமே என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. அந்நாட்டுக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. ஆயினும், ஜெராய் மலையடிவாரம் தொடங்கிப் பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வரையில் தமிழர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறியதற்குக் காரணம் மன்னர் எவருடைய படையெடுப்பும் அன்று; ஒரு மரமேயாகும். தோட்டப்புறத் தமிழர் அதனைப் பால்மரம் என்றே அழைத்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கையில் உளியும் தோளில் காண்டாவுமாக நிரைக்குச் சென்றவர்களின் வாழ்வு, அம்மரத்தின் பட்டையிலிருந்து வடியும் பாலையே நம்பி இருந்தது.

அம்மரமும் அவர்களைப் போலவே கடல் கடந்து வந்ததுதான். வந்தபோது அது பிறந்த நாட்டின் செல்வத்தில் ஒரு சிறு பகுதியையே கொண்டுவந்தது. அதனால் நேர்ந்த குறை என்ன, அதனை நிறைவு செய்ய மரபணு ஆராய்ச்சி எவ்வாறு முயன்றது என்பது கெடாவின் தோட்ட வரலாற்றோடு பிணைந்த ஒரு செய்தியாகும்.

சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். நெடுங்கடற்பயணத்தில் பெரும்பாலானவை முளைக்கும் திறனை இழந்தன. முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அக்கன்றுகளிற் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. கீழ்த்திசை நாடுகளின் தோட்டங்களிற் காணப்படும் ரப்பர் மரங்களெல்லாம் பெரும்பாலும் விக்கம் கொணர்ந்த அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே. இதனால் ஆராய்ச்சியாளர் இவற்றை 'விக்கம் வழி' மரங்கள் எனக் குறிப்பர்.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 1888இல் தலைமையேற்ற ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் முதல் வாணிபத் தோட்டத்தைத் தொடங்கினார். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் மேலாண்மைக்கு மாறியது. அதனையொட்டிய ஆண்டுகளில் கூலிம், கோல மூடா வட்டாரங்களில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. பினாங்குத் துறைமுகம் அருகிருந்ததால் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தோர் கெடாவை எளிதில் அடைந்தனர்.

இங்குக் குறிக்கத் தக்க ஒன்றுண்டு. இலங்கையின் மலைநாட்டில் ஒரு காலத்தில் காப்பித் தோட்டங்களே மிகுந்திருந்தன. அவற்றில் உழைத்தவரும் தமிழரே. 1869இல் அங்குத் தோன்றிய இலைத் துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலையே குலைத்துவிட்டது. ஒரே இனப் பயிரைப் பரந்த நிலத்தில் வரிசை வரிசையாக நிறுத்துவோர்க்கு ஒரு சிறு பூஞ்சணம் என்ன செய்ய வல்லது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. ஆயினும், ரப்பர் விலை உச்சத்திலிருந்த நாளில் அப்பாடத்தை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

ஒட்டுக்கன்றும் ஒரே முகமும்

விதையிலிருந்து எழும் மரங்கள் ஒன்றைப் போல் ஒன்றிரா. ஒரு மரம் கோப்பை நிறையப் பால் தரும். அடுத்த மரம் அடியை நனைப்பதோடு நின்றுவிடும். 1910களின் பிற்பகுதியில் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் ஒட்டுக்கட்டும் முறை கைவந்தது. மிகுதியாகப் பால் தரும் தாய்மரத்தின் மொட்டினை இளங்கன்றின் தண்டில் பதித்து வளர்த்தால், தாயின் குணம் முழுவதும் அதில் அமையும். ஒரு தாயிலிருந்து இவ்வாறு பெருகிய மரங்கள் யாவும் 'குளோன்' எனப்படும். ஒரு குளோனில் பதினாயிரம் மரங்கள் இருப்பினும் பரம்பரையால் அவை ஒரே மரமே.

1925ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் ஆய்வாளர் நல்ல குளோன்களை ஒன்றோடொன்று கையால் மகரந்தச் சேர்க்கை செய்து புதியனவற்றை உண்டாக்கினர். ஜாவாவின் ஜிர் 1, சிலாங்கூர் பிராங் புசார் தோட்டத்தின் பி.பி. 86 ஆகிய இரண்டின் மகவாகத் தோன்றியதே ஆர்.ஆர்.ஐ.எம். 600. பால் வளத்தால் அது மலாயாவில் மட்டுமன்றித் தாய்லாந்திலும் இந்தியாவிலும் பரவியது. பால் கூடியதால் தோட்டத்தின் வருவாய் உயர்ந்தது. விளைச்சலையொட்டிக் கூலி பெற்ற இடங்களில் பால்வெட்டுவோரின் கையிலும் சில காசு கூடிற்று.

நன்மையோடு ஆபத்தும் வந்தது. ஒரு மரத்தை வீழ்த்த வல்ல நோய், அதே குளோனின் மரங்கள் அனைத்தையும் வீழ்த்த வல்லது. கெடாவின் வடபகுதியில் ஆண்டின் தொடக்கம் வறட்சியான காலம். மரங்கள் இலையுதிர்த்துச் செந்தளிர் விடும். அத்தளிரைச் சாம்பல் பூஞ்சணமும் பிற இலைநோய்களும் பற்றுவதுண்டு. 1960களின் நடுவில் பைட்டோப்தோரா என்னும் பூஞ்சணத்தால் மழைக்காலத்தில் இலையுதிரும் நோய் தீபகற்பத்தின் வடமேற்கு ஓரத்தில் தலைகாட்டிற்று. புகழ்பெற்ற ஆர்.ஆர்.ஐ.எம். 600 இந்நோய்க்கு எளிதில் இரையாகும் குளோன்களுள் ஒன்றாக இருந்தது. பின்னர் கொரினெஸ்போரா என்னும் பூஞ்சணத்தால் ஆர்.ஆர்.ஐ.எம். 725 மலேசியாவில் கைவிடப்பட்டது. அதே நோயால் 1980களில் இலங்கையில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் குளோன் பயிரிட்ட ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் வேரோடு களையப்பட்டன. பாலுக்கு மட்டும் தேர்ந்தெடுத்து நோயை மறந்ததன் விலை இதுவாகும்.

பிறந்த மண்ணில் இருந்த பகை

இவையனைத்தினும் கொடிய பகை இன்னும் கடலுக்கு அப்பாலேயே இருக்கிறது. அது தென்னமெரிக்க இலைக்கருகல் நோய். அமேசான் காடுகளில் பால்மரத்தோடு உடன்பிறந்து வளர்ந்த பூஞ்சணம் ஒன்றே அதனை உண்டாக்குகிறது. முற்றிய இலையை அது தொடுவதில்லை, இளந்தளிரையே தாக்கும். தளிர் கருகி உதிர, மரம் மீண்டும் தளிர்க்க, மீண்டும் நோய் தாக்க, இவ்வாறு பன்முறை நிகழ்ந்தபின் மரம் கிளை நுனியிலிருந்து பட்டுப்போகும். காட்டில் ஒரு ரப்பர் மரத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேறு மரங்கள் பல நிற்பதால் நோய் அளவோடு நின்றது. தோட்டத்தில் இலையோடு இலை உரச மரங்கள் நிற்பதால் அது காட்டுத்தீயாயிற்று.

அமெரிக்கப் பெருஞ்செல்வரான ஹென்றி போர்டு இதனை அனுபவத்தில் அறிந்தார். 1920களின் இறுதியில் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் போர்ட்லாந்தியா என்னும் தோட்டத்தை அவரது நிறுவனம் அமைத்தது. 1934இல் பெல்தெர்ரா என்னும் இரண்டாம் தோட்டம் எழுந்தது. கீழ்த்திசையில் தேர்ந்த குளோன்களையும் அங்குக் கொண்டுபோய் நட்டனர். தாயகத்துக்குத் திரும்பிய அப்பிள்ளைகளும் நோய்முன் நிற்கவில்லை. 1945இல் இரு தோட்டங்களும் பிரேசில் அரசிடமே ஒப்படைக்கப்பட்டன.

இத்தோல்வியினும் ஒரு பயன் விளைந்தது. நோயிடையே பசுமை மாறாது நின்ற காட்டு மரங்களைப் போர்டின் ஆட்கள் தேடி எடுத்தனர். ஹெவியா பெந்தாமியானா என்பது பால்மரத்தின் நெருங்கிய உறவினம். பால் குறைவாயினும் நோயைத் தாங்குவது. அவ்வினத்தின் எஃப் 4542 என்னும் மரத்தைச் சுமத்திராவின் விக்கம் வழிக் குளோனாகிய அவ்ரோஸ் 363-உடன் கலந்தனர். அக்கலப்பின் வழிவந்ததே ஆர்.ஓ. 38 என்னும் குளோன். அதன் இலைகள் நோயைத் தாங்கின. அத்தாங்கும் திறன் எப்பெற்றோரிடமிருந்து வந்தது என்பதற்கான விடை கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மரபணு வரைபடம் என்பது யாது?

உயிர்களின் குணங்களைத் தலைமுறைதோறும் கொண்டுசெல்வன ஜீன் எனப்படும் மரபணுக்கள். அவை குரோமோசோம் என்னும் இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. பால்மரத்தின் உயிரணு ஒவ்வொன்றிலும் 36 குரோமோசோம்கள் உண்டு. தாயிடமிருந்து 18, தந்தையிடமிருந்து 18. மகரந்தமும் சூலும் உருவாகும்போது இணையான இழைகள் இடையிடையே அறுந்து ஒன்றோடொன்று பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன.

தோட்டத்து நிரை ஒன்றில் நூறு மரங்கள் நிற்பதாகக் கொள்வோம். நிரையை எங்கேனும் ஓரிடத்தில் இரண்டாகப் பிரித்து இருவருக்குக் கொடுத்தால், அடுத்தடுத்து நிற்கும் இரு மரங்கள் பெரும்பாலும் ஒருவரிடமே சேரும். நிரையின் இரு கோடியிலும் நிற்பவை எப்போதும் பிரிந்துபோகும். மரபணுக்களும் அவ்வாறே. இரு குணங்கள் பிள்ளைகளில் எத்தனை முறை சேர்ந்தே வருகின்றன, எத்தனை முறை பிரிகின்றன என எண்ணிப் பார்த்தால் அவற்றின் இடைத்தூரம் புலப்படும். 1913இல் மார்கன் என்னும் அறிஞரின் மாணவர் ஸ்டர்ட்டிவன்ட், பழ ஈக்களைக் கொண்டு இக்கணக்கால் உலகின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார்.

ஈக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய இரண்டு வாரம். பால்மரத்துக்கோ பல ஆண்டுகள். கையால் சேர்க்கை செய்த பூக்களுள் காய்ப்பவை மிகச் சிலவே. ஒரு கலப்பினைத் தொடங்கி, பிள்ளைகளை வளர்த்து, பால்வெட்டிப் பார்த்து, தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கும் வரையில் கால் நூற்றாண்டுக்கு மேல் செல்வதுண்டு. இவ்விடர்ப்பாடு மரப்பயிர்கள் எல்லாவற்றுக்கும் பொது. ஆரஞ்சுத் தோட்டங்களைத் தென்னமெரிக்காவில் பாழாக்கிய திரிஸ்தேசா வைரசுக்கு எதிர்ப்பு, மூவிலை ஆரஞ்சு என்னும் உறவினத்தில் இருந்தது. அவ்வெதிர்ப்பு மரபணுவின் இருப்பிடத்தை 1990களில் வரைபட முறையாலேயே நெருங்கினர். குரோமோசோமில் ஆங்காங்கே அடையாளக் குறிகளைக் கண்டு, அவற்றை நெடுஞ்சாலையின் மைல்கற்களைப் போல் பயன்படுத்துவதே இம்முறை. விரும்பிய குணத்துக்கு அருகிலுள்ள மைல்கல் இன்னதெனத் தெரிந்தால், மரம் வளரக் காத்திராமல், கன்றின் ஓர் இலைத் துணுக்கைச் சோதித்தே அக்குணம் அதில் உண்டா இல்லையா என உய்த்துணரலாம்.

வரைபடம் காட்டிய உண்மை

பிரான்சு நாட்டின் சிராத் என்னும் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தோர் பால்மரத்துக்கு இவ்வழியைக் கையாண்டு 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மலாயாவின் பிராங் புசார் தோட்டத்தில் பிறந்த பி.பி. 260 என்னும் குளோனையும், போர்டு தோட்டக் கலப்பின் வழிவந்த ஆர்.ஓ. 38-ஐயும் அவர்கள் பெற்றோராகக் கொண்டனர். முன்னது பால் வளமுடையது, நோய்க்கு எளியது. பின்னது நோயைத் தாங்குவது. அவற்றின் பிள்ளைகளில் 717 அடையாளக் குறிகள் தேடப்பட்டு வரிசைப்படுத்தப்பட்டன. அவை 18 தொகுதிகளாகப் பிரிந்தன. பால்மரத்தின் குரோமோசோம் இணைகளும் 18 அன்றோ! வரைபடம் சரியாக அமைந்ததற்கு அது ஒரு சான்றாயிற்று.

அடுத்து 195 பிள்ளைகளின் இளந்தளிர்களில் நோய்ப்பூஞ்சணத்தின் ஐந்து வகைகள் தனித்தனியே செலுத்தப்பட்டன. புண்ணின் அளவும் வித்துக்கள் பெருகும் அளவும் கணிக்கப்பட்டன. ஆர்.ஓ. 38-இன் வரைபடத்தில் எதிர்ப்புக்குரிய எட்டு இடங்கள் புலப்பட்டன, பி.பி. 260-இல் ஒன்றே ஒன்று. ஐந்து வகைகளுக்கும் பொதுவாக எதிர்ப்புத் தரும் இடம் ஒன்று பதின்மூன்றாம் தொகுதியில் அமைந்திருந்தது.

எல்லாவற்றிலும் கருதத்தக்க முடிவு, அவ்வெதிர்ப்பு வந்த வழியைப் பற்றியது. ஆர்.ஓ. 38-இன் எதிர்ப்புக் கூறுகள் காட்டு இனமாகிய பெந்தாமியானாவிலிருந்தே வந்தவை. விக்கம் வழி மூதாதையாகிய அவ்ரோஸ் 363 அதில் ஒன்றும் அளிக்கவில்லை. ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகிய கீழ்த்திசை மரங்கள் பிறந்த நாட்டுப் பகையை எதிர்க்கும் படைக்கலத்தைத் தம்மோடு கொண்டுவரவில்லை என்று முன்னோர் ஐயுற்றனர். அந்த ஐயத்துக்கு இவ்வரைபடம் சான்று காட்டிற்று.

கோட்டையில் விழுந்த விரிசல்

வரைபடம் கிடைத்ததும் வெற்றி கிட்டிவிட்டது என எண்ணுவதற்கில்லை. பூஞ்சணமும் உயிர்தான், அதுவும் தலைமுறைதோறும் மாறுகிறது. பிரெஞ்சு கயானாவில் ஆர்.ஓ. 38-இன் எதிர்ப்பை மீற வல்ல பூஞ்சண வகை உண்டென்பதை 2007இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. முன்னர் வலிமையாகத் தோன்றிய மரபணு இடம் அதன்முன் வலுவிழந்தது. ஒற்றைப் பூட்டுக்கு ஒரு கள்ளச்சாவி செய்வது எளிதாயிற்று.

எனவே, பல பூட்டுகள் ஒருங்கே அமைந்த மரத்தைத் தேடினர். பெரு நாட்டிலிருந்து பெறப்பட்ட எம்.டி.எஃப். 180 என்னும் குளோன் நெடுங்காலமாக நோயைத் தாங்கி நின்றது. அதன் எதிர்ப்பில் ஒரு மரபணுவும் அதனோடு இயைந்த மற்றொரு பெருங்கூறும் சேர்ந்து பணியாற்றுவதாக 2011ஆம் ஆண்டு ஆய்வு கூறிற்று. வேறுவேறு இடங்களிலிருந்து வரும் எதிர்ப்புகளை ஒரே மரத்தில் சேர்ப்பதே நிலைத்த பாதுகாப்பு. அவ்வாறு சேர்ப்பதற்கு எது எங்குள்ளது எனக் காட்டும் வரைபடம் இன்றியமையாதது. கண்ணால் மட்டும் பார்த்தால், ஒரு பூட்டுடைய மரமும் இரண்டு பூட்டுடைய மரமும் ஒன்றுபோலவே தோன்றும்.

இந்நோய் இன்று வரை ஆசியாவில் கால்வைக்கவில்லை. தென்கிழக்காசிய, பசிபிக் நாடுகள் 1956இல் செய்துகொண்ட பயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை இதனைத் தனியே குறிப்பிட்டுக் காவல் விதிகளை வகுத்தது. நோய்ப்பூஞ்சணத்தை நாட்டுக்குள் கொணர இயலாமையால், எதிர்ப்புச் சோதனைகளை வெப்பமண்டல அமெரிக்காவிலேயே நடத்த வேண்டியிருக்கிறது.

இரண்டாம் விதைப்பயணம்

விக்கம் காலத்துக் குறையை நிறைவு செய்ய 1981இல் ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. உலக ரப்பர் ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தின் குழுவினர், பிரேசில் அரசின் ஒப்புதலோடு ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ ஆகிய மாநிலக் காடுகளில் புகுந்து 63,768 விதைகளைத் திரட்டினர். பாதி பிரேசிலுக்கே உரியது. எஞ்சியதைப் பங்கிட்டுக் காக்கும் பொறுப்பு மலேசியாவிடமும் ஐவரி கோஸ்ட் நாட்டிடமும் விடப்பட்டது. முதற்பயணம் ஓர் ஆற்றுப் பகுதியின் விதைகளோடு முடிந்தது. இரண்டாம் பயணம் பல ஆறுகளின் மரங்களைக் கொணர்ந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பால் குறைந்தவை. தோட்டக் கணக்கில் அவை பயனற்றவையாகத் தோன்றலாம். மரபணுக் கணக்கில் அவை இன்னும் படிக்கப்படாத ஏடுகள்.

2013இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் ஆர்.ஆர்.ஐ.எம். 600-இன் மரபுத்தொகுதியை முதல் வரைவாக வெளியிட்டனர். ஏறத்தாழ 215 கோடி எழுத்துகள் கொண்டதென மதிக்கப்பட்ட அந்நூலில் பாதியளவே அப்போது கோக்கப்பட்டது. எனினும் பால் சுரப்பு, மரத்தின் உருவாக்கம், நோயெதிர்ப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணுக்கள் அதில் இனங்காணப்பட்டன. பினாங்கிலிருந்து நீரிணையைக் கடந்தால் சிறிது தொலைவில் கெடாவின் பழைய தோட்டங்கள். தமிழர் தலைமுறைதோறும் உளிகொண்டு தொட்ட அதே மரத்தின் உள்ளெழுத்தை விஞ்ஞானம் அவ்வளவு அருகிலேயே படிக்கத் தொடங்கியது குறிப்பிடத் தக்கது.

கெடாவுக்கு இதனால் ஆவது என்ன?

பெருந்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் பிறந்தோரின் பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் வேறு தொழில்களில் அமர்ந்துவிட்டனர். ஆயினும் கெடா இன்றும் மலேசியாவின் முக்கிய ரப்பர் மாநிலங்களுள் ஒன்று. பாலிங், சிக் முதலிய வட்டாரங்களில் சிறு தோட்டக்காரர் பலர் பால்மரத்தையே நம்பியுள்ளனர். பெருந்தோட்டம் ஒரு பயிர் கெட்டால் மறுபயிர் நடும். இரண்டு ஏக்கர் உடையவனுக்கு அவ்வாறு செய்யக் கையில் முதல் இராது. நோயெதிர்ப்பு என்பது அவனுக்கு ஆராய்ச்சிக்கூடச் செய்தியன்று, அடுப்பெரியும் செய்தி.

அச்சம் கற்பனையுமன்று. 2016இல் வட சுமத்திராவில் பெஸ்டலோசியாப்சிஸ் என்னும் புதிய இலையுதிர் நோய் பரவியது. அடுத்த ஆண்டே அது மலேசியாவில் காணப்பட்டது. பின்னர் தாய்லாந்தையும் இலங்கையையும் அடைந்தது. நோயுற்ற மரங்களில் இலை உதிர, பாலும் குறைந்தது. ஒரே வழிவந்த மரங்கள் ஒரே வகையாக வருந்தும் என்ற பழைய பாடத்தை அது மீண்டும் நினைவூட்டியது.

கெடாவின் பால்மர வரலாறு, மிகுந்த பாலைத் தேடிச் சென்றோர் மரங்களின் பன்மையைக் கைவிட்ட வரலாறு. மரபணு வரைபடம் இழந்ததைத் தேடும் வழியைக் காட்டும். ஆனால் காட்டில் மரமே இல்லையாயின், வரைபடம் எதனைக் காட்டும்? அமேசான் காடும், சேர்த்துவைத்த விதைவழி மரங்களும் காக்கப்படும் வரையில்தான் அவ்வறிவுக்கு வேலை உண்டு. பால் குறைந்ததென ஒதுக்கப்பட்ட ஒரு காட்டு மரம் நாளை ஒரு நாட்டின் தோட்டங்களைக் காக்கக் கூடும். வெள்ளம் வருமுன் அணை கோலுவார், அணைக்கு வேண்டிய கல்லையும் முன்னரே காத்துவைத்தல் வேண்டும்.